6-ஓஎச்டிஏ எலிகளில் சிஸ்டோமெட்ரி: ஷாமுக்கும் லீஷனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை

கரும்பொருள்:
பார்க்கின்சன் நோய் மாடலில் சிறுநீர்ப்பை எப்படி வேலைசெய்கிறது என்று பார்க்கிறேன். பெண் எலிகள், ஸ்ப்ராக் டாலி வகை, 230–250 கிராம். லீஷன் குழுவுக்கு மீடியல் ஃபோர்பிரெயின் பண்டிலில் (மூளையில் டோபமின் நரம்பிழைகள் செல்லும் கற்றை) ஒரு பக்கம் மட்டும் 6-ஓஎச்டிஏ (டோபமின் நரம்புகளைக் கொல்லும் நஞ்சு), 4 மைக்ரோலிட்டரில் 8 மைக்ரோகிராம்; ஷாம் குழுவுக்கு நஞ்சில்லாத ஊசி. நான்காம் வாரம் காலையில் அப்போமார்ஃபின் கொடுத்துச் சுற்றல் எண்ணிக்கை (ஒருபக்க லீஷன் விழுந்த எலி வட்டமடிக்கும்), அன்று மதியமே யூரித்தேன் மயக்கமருந்து (கிலோவுக்கு 1.5 கிராம், வயிற்றறைக்குள் ஒரே ஊசி) போட்டு சிஸ்டோமெட்ரி (சிறுநீர்ப்பையை நிரப்பி அழுத்தம் அளப்பது). பைக்குள் சலைன் நிமிடத்துக்கு 0.1 மி.லி. லீஷன் எலியில் பை சீக்கிரம் சுருங்க வேண்டும். இங்கே இரண்டு குழுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சில எலிகளில் சுருக்கமே வராமல் சொட்டுகிறது. குறை மாடலிலா, அளவீட்டிலா? எம்பிடிபி (டோபமின் நரம்புகளைக் கொல்லும் இன்னொரு நஞ்சு) கொடுத்த சுண்டெலிக்கு மாறலாமா?

மூன்றுவழிவால்வு:
சொட்டுகிற எலியில் பை நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். அந்த அளவு யூரித்தேன் ஒரேயடியாக உள்ளே போனால் அனிச்சை அமுங்கிவிடும். லீஷன் குறைக்கும் கொள்ளளவை மயக்கமருந்து கூட்டிவிடுகிறது. வித்தியாசம் அதிலேயே கரைந்துபோகும். விழித்த எலியில் அளப்பதுதான் நல்லது. ஐசோஃப்ளூரேனில் கேத்தீட்டர் வைத்து, கழுத்துப் பின்புறம் தோலடியாக வெளியே எடுத்து, 3–5 நாள் ஆறவிடுங்கள். அறுவை முடிந்த கையோடு அளந்தால் ஷாமின் பையும் எரிச்சலில் துடிக்கும்.

வேகமும் அதிகம். நிமிடத்துக்கு 0.1 என்றால் மணிக்கு 6 மி.லி.; எலியின் சிறுநீரகம் தானாகத் தருவதைப்போல் பத்து மடங்கு. 0.04-க்குக் குறைத்துவிடுங்கள்.

பிஇ-50 பாலிஎத்திலீன் குழாயின் நுனியை வெப்பத்தில் லேசாக விரித்து, பையின் உச்சியில் நுழைத்து, 6-0 பட்டு நூலால் சுருக்குப்பைத் தையல். மூடுமுன் 0.3 மி.லி. செலுத்தி ஒழுக்குப் பாருங்கள். அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசர் பையின் மட்டத்தில் இருக்கட்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் உச்ச அழுத்தம் குறைந்தே தெரியும். அழுத்தம் சீராக ஏறி இறங்காமல் நின்றால் நுனியில் இரத்தக்கட்டி என்று வையுங்கள். கீழே தராசு கட்டாயம்: எலி நெளிந்தாலும் அழுத்தம் எகிறும், எடை ஏறினால்தான் அது சிறுநீர் கழிப்பு. கழித்ததும் பம்பை நிறுத்தி, மீந்ததை உறிஞ்சி அளந்துவிடுங்கள்.

நைக்ரா_நேசன்:
பெரிய தவறு அப்போமார்ஃபின். அது டி1, டி2 என்ற டோபமின் ஏற்பிகள் இரண்டையும் தூண்டும். கழிப்பு அனிச்சையை அதுவே கிளறிவிடும். அன்றைக்கே சிஸ்டோமெட்ரி கூடாது. சுற்றலை ஒரு தடவை மட்டும் எண்ணி, ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஷாம் எலிக்கும் அதே ஊசி.

8 மைக்ரோகிராம் என்பது ஃப்ரீ பேஸா, உப்பா? ஹைட்ரோபுரோமைடாக நிறுத்தால் 11.8 எடுத்தால்தான் 8 வரும். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த சலைனில், பனிக்கட்டி மேல், இருட்டில் வையுங்கள். கரைசல் பழுப்பானால் கொட்டிவிடுங்கள். ஷாமுக்கு அதே அஸ்கார்பிக் சலைன். அரை மணி முன்பு டெசிப்ரமின் (கிலோவுக்கு 25 மி.கி.) கொடுத்தீர்களா? இல்லையென்றால் நார்அட்ரினலின் நரம்புகளும் போயிருக்கும். அந்த நரம்புகள் கிளம்பும் மூளைத்தண்டு மையமான லோகஸ் செருலியஸுக்கும் சிறுநீர்ப்பையில் பங்கு உண்டு, பிறகு எதை டோபமின் கணக்கில் எழுதுவது?

கரும்பொருள்:
டெசிப்ரமின் கொடுத்தேன். எடை உப்பாகத்தான் போட்டேன், அப்படியானால் 5.4 மைக்ரோகிராம்தான் போயிருக்கிறது.

நைக்ரா_நேசன்:
அப்போ அரைகுறை லீஷன் கலந்திருக்கும். டோபமின் நரம்பிழைகள் போய்ச்சேரும் ஸ்ட்ரையேட்டத்தில், அவற்றைக் காட்டும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதிக்குச் சாயமேற்றி, இழப்பு குறைந்த எலிகளை ஒதுக்குங்கள். எந்த அளவுக்குக் கீழே ஒதுக்குவது என்பதைச் சிஸ்டோமெட்ரி வரைபடத்தைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். லீஷன் சரியாக விழுந்த எலியில் எஸ்கேஎஃப் 38393 (டி1 தூண்டி) கொடுத்தால் கழிப்புகளின் இடைவெளி நீளும், குயின்பிரோல் (டி2 தூண்டி) கொடுத்தால் குறுகும்: டி1 அடக்குகிறது, டி2 உந்துகிறது. 1990-களில் எம்பிடிபி குரங்குகளில் கண்டதும் இதே போக்குதான்.

தாள்பூச்சி:
எம்பிடிபிக்கு மாறச் சொல்லமாட்டேன். எலி அந்த நஞ்சுக்கு அசையாது, அதனால் சுண்டெலிதான். அதன் பையோ 0.1–0.2 மி.லி., கேத்தீட்டர் நுனியே இடத்தை அடைத்துக்கொள்ளும். வேகம் நிமிடத்துக்கு 0.01 மி.லி. போதும். வடிதாள் வைத்துப் புற ஊதாக் கதிரில் சொட்டுத்தடம் பார்ப்பது எளிது, ஆனால் ஊசி போட்ட முதல் மூன்று நாள் சிறுநீரிலேயே எம்பிடிபி வெளியேறும். அந்தத் தாளையும் படுக்கைத்தூளையும் நஞ்சாகவே கையாளுங்கள். நோயுற்ற விலங்கு தண்ணீர் குறைத்துக் குடித்தால் சொட்டும் குறையும். குடித்த நீரை அளக்காத தாளை நம்பாதீர்கள். இருபக்க 6-ஓஎச்டிஏ எலியில் இந்தத் தொல்லை இன்னும் மோசம், குழாயில் ஊட்டவேண்டி வரும்.