படுவான்கரைப் பெண்களுக்கு எதை, எந்த வழியில் கற்பிப்பது?

கேள்வி (பதிந்தவர்: சங்கச் செயலாளர், படுவான்கரை)

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர் 23 பேரில் பெரும்பாலானோர் யுத்தமும் இடப்பெயர்வும் காரணமாக ஐந்தாம் ஆண்டுக்கு மேல் படிக்க முடியாமற் போனவர்கள். சிலர் கணவனை இழந்தவர்கள். இன்னுஞ் சிலர் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள். ஆடு, கோழி, கச்சான் (நிலக்கடலை) செய்கை, பன்புல்லால் பன்பாய் பின்னுதல் என்பவையே எங்கள் வருமானம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் நான்கு மடிக்கணினிகளைத் தந்து, மூன்று நாள் கணினிப் பயிற்சியும் நடத்தியது. சுட்டியைப் பிடிப்பதிலும் ஆங்கில எழுத்தைத் தேடித் தட்டுவதிலும் அந்த மூன்று நாளும் போயிற்று. இப்போது அவை அலுமாரிக்குள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்த அக்கா ஒருவர், ஓமானில் இருக்கும் மகளுடன் ஐஎம்ஓ செயலியில் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார். யாரும் அவருக்கு அதைக் கற்பிக்கவில்லை. அப்படியானால் நாங்கள் எங்கே பிழை விட்டோம்? மறுபடி தொடங்குவதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், அக்கரைப்பற்று)

மகள், உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அந்த அக்காவுக்கு மகளின் முகம் தேவைப்பட்டது, அதனால் வழியைக் கண்டுபிடித்தார். மடிக்கணினியோ யாருக்கும் தேவைப்படாத ஒன்றுக்கு விடையாக வந்தது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற அமைப்பு செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கனடாவில் தலைமையகம் கொண்ட பொதுநலவாயக் கற்றல் அமைப்பு 2004இல் விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல் என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதில் சேர்ந்த தேனிப் பெண்கள் ஆடு வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது, கைத்தொலைபேசியின் விலையையும் அதே கடனுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டின் தீவனம், நோய், குட்டி பராமரிப்பு பற்றிய சிறு சிறு குரற்செய்திகள் அந்தத் தொலைபேசிக்கு வந்தன. வயலில் நின்றபடியும் அடுப்படியில் இருந்தபடியும் அவர்கள் கேட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் பின்தங்கவில்லை. வங்கிக்கும் இதில் நன்மை உண்டு, ஏனென்றால் ஆடு வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுத்த கடன் திரும்பி வரும். கற்றலும் கடனும் தொழிலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டதையே நான் அந்தத் திட்டத்தின் உயிர் என்று கருதுகிறேன். தொலைபேசி வெறும் கயிற்றின் முடிச்சு.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கொத்மலைச் சமுதாய வானொலியில் 1999 முதல், நேயர்கள் கேட்டதை நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடி, சிங்களத்தில் விளக்கி ஒலிபரப்பினார்கள். இணையத்தைத் தொடாதவரும் அதன் பயனைப் பெற்றார்.

உங்கள் பெண்களுக்கு முதற்பாடமாக, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழில் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு டேட்டாவும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். கச்சானில் இலைப்புள்ளி விழுந்தால் கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கித் தெளிக்கும் முன்னர், அதை ஒருவரிடம் கேட்கும் பழக்கம் வந்தாலே பெரிய காரியம்.

மறுமொழி 2 (தையற்காரி, திருக்கோவில்)

ஐயா சொன்னது சரிதான், ஆனால் ஆண்கள் எழுதும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வீட்டிலுள்ள தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்பதை. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் வழமை உண்டு. காணி உறுதி அவளுடைய பெயரில் இருக்கும், தொலைபேசி மட்டும் மகனுடைய காற்சட்டைப் பையில் இருக்கும். அவன் இரவு வந்து தரும்போது சார்ஜும் இல்லை, டேட்டாவும் இல்லை. ஆகவே சங்கத்தின் பெயரில் ஒரு தொலைபேசி வைத்து, இரவு எட்டு மணிக்குப் பின் கேட்கக்கூடிய இரண்டு நிமிடக் குரற்பதிவுகளாகப் பாடத்தை அமைக்க வேண்டும். பகலில் வகுப்பு வைத்தால் சமையலும் தண்ணீரும் பிள்ளைகளும் முன்னே வந்து நிற்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிட்டாலோ, எந்த வகுப்புக்கும் ஒருவரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

குரலைத் தமிழ் எழுத்தாக மாற்றும் வசதியையும் காட்டிக் கொடுங்கள். 'மறுகா', 'கிறுகி' என்று நம் வாய்க்கு வரும் சொற்களில் அது தடுமாறும். அதைப் பார்த்து எங்கள் பெண்கள் சிரித்த சிரிப்பில்தான் தொலைபேசியின் மீதிருந்த பயம் தெளிந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. இருபது வருடம் தைத்த பின்னும் என்னிடம் ஒரு தாள் இருக்கவில்லை. தேசிய தொழில் தகைமையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று உண்டு என்பதை 44 வயதில்தான் அறிந்தேன். பாடசாலைச் சான்றிதழைப் பாராமல், நீங்கள் செய்த வேலையையும் செய்முறைத் திறனையும் மதிப்பிடுவார்கள். அந்தத் தகைமையின் ஏழு மட்டங்களில் முதல் நான்கும் சான்றிதழ்த் தரம். நான் தைத்த உடுப்புகளைத் தொலைபேசியில் படம் பிடித்து, திகதி வாரியாக ஒழுங்குபடுத்தியதுதான் எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது. பன்பாய் பின்னுபவர்களும் இன்றிலிருந்தே தங்கள் வேலையைப் படமெடுத்து வைக்கலாம்.

மறுமொழி 3 (கணக்காளர், ஏறாவூர்)

சுருக்கமாக ஒரு பாடம் சொல்கிறேன். அதற்கு இணையமே தேவையில்லை, தொலைபேசியிலுள்ள கணிப்பான் போதும். 50,000 ரூபாய் நுண்கடன் எடுத்து, கிழமைக்கு 1,250 ரூபாய்ப்படி 52 கிழமை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய மொத்தம் 65,000. வட்டி 30 வீதம் என்று முகவர் சொல்வார், அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் முதல் கிழமையிலிருந்தே கடன் முதலும் குறைந்துகொண்டு வருவதால், கையில் உண்மையில் நின்ற பணத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 50 வீதத்தைத் தாண்டிவிடும். இக்கணக்குத் தெரியாமல் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் எடுத்த பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு, ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசாங்கம் 2018இல் நிவாரணம் கொடுக்க வேண்டி வந்ததே அந்தச் சுமை எவ்வளவு என்பதைக் காட்டும்.

இதனுடன், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். என் உறவுக்காரர் ஒருவர் பரிசு விழுந்ததாக வந்த அழைப்பை நம்பிச் சொல்லி, ஆடு விற்ற காசை இழந்தார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலை ஐந்து பேருடன் அமர்ந்து 1920ஐ அழைத்தோம். இரண்டாவது முயற்சியில் ஒருவர் பேசினார், கச்சான் செய்யும் அக்காவே கேள்வியைக் கேட்டார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரையும் தத்தமது நுண்கடன் தவணை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சங்கத் தொலைபேசியை வாரத்துக்கு ஒருவர் வைத்திருப்பதா, பொருளாளரிடம் விடுவதா என்பதில்தான் இப்போதே இரண்டு கட்சி. தையற்கார அக்கா, உங்கள் ஊரில் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று முடிந்தால் எழுதுங்கள்.