ஒவ்வாமைச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. பிறகு மூக்கு ஏன் ஒழுகுகிறது?

கேள்வி
வணக்கம். எனக்கு வயது 41. மூன்று ஆண்டுகளாக, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தாலும் வாசனைத் திரவியத்தின் நெடி பட்டாலும் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, இரவில் அடைத்துக்கொள்கிறது. கண் அரிப்பு இல்லை, தும்மலும் குறைவு. தோல் சோதனை, இரத்தச் சோதனை இரண்டிலும் ஒவ்வாமை இல்லை என்றே வந்தது. ஒவ்வாமைக்கான செட்ரிசின் மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டும் பயனில்லை. சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம் வருகிறது. சோதனை தவறாக இருக்குமோ?

பதில் 1
சோதனை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீங்கள் சொல்வது ஒவ்வாமை சாராத மூக்கழற்சியை ஒத்திருக்கிறது. மூக்கின் இரத்தக் குழாய்களையும் சளிச் சுரப்பிகளையும் இயக்கும் நரம்புகள், குளிர்காற்று, புகை, நெடி, காரமான உணவு போன்ற சாதாரணத் தூண்டல்களுக்கே மிகையாக எதிர்வினை காட்டுவதால் இது வருகிறது. செட்ரிசின் தடுப்பது ஹிஸ்டமினை, அதாவது ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் வேதிப்பொருளை. அதற்கு இதில் பெரிய பங்கில்லை என்பதால்தான் அந்த மாத்திரை உங்களைக் கைவிட்டது. 20 வயதுக்குப் பிறகு தொடங்குவதும் அரிப்பு குறைவாக இருப்பதும் இதன் வழக்கமான அடையாளங்கள். புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே, அசெலாஸ்டின் ஸ்பிரே ஆகியவை பலருக்கு உதவுகின்றன. ஒழுகல் மட்டுமே தொல்லை என்றால் இப்ராட்ரோப்பியம் ஸ்பிரே பயன்படும். ஆனால் அது அடைப்பை நீக்காது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பதில் 2
என்னைக் கவலைப்பட வைப்பது அந்தச் சொட்டு மருந்துதான். எத்தனை நாளாக விடுகிறீர்கள்? நானும் அதில் சிக்கியிருந்தவன். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்குச் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும்; அதை அடக்க மறுபடியும் மருந்து, பிறகு மறுபடியும் வீக்கம். மருத்துவரின் யோசனைப்படி ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டுச் சொட்டு மருந்தை முதலில் ஒரு நாசியிலும் பிறகு மற்றதிலுமாக நிறுத்தினேன். முதல் வாரம் கொடுமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்
இரண்டு மாதமாக விடுகிறேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரிலும் சாப்பிடுகிறேன். ஸ்டீராய்டு ஸ்பிரேயை முன்பே ஐந்து நாள் அடித்துப் பார்த்தேன், பலனில்லை.

பதில் 1
ஐந்து நாள் போதாது; அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும், நடுச்சுவரில் படாதவாறு வெளிப்பக்கமாக அடியுங்கள். பலர் நடுச்சுவரிலேயே அடித்து, இரத்தம் கசிந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரே வேண்டும், குழாய்நீரை நேரடியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எனலாப்ரில் வகை மருந்துகளும் சிலருக்கு மூக்கழற்சியை உண்டாக்கும்; நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அதைக் குறிப்பிடுங்கள். சொட்டு மருந்தும் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 3
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குனியும்போது ஒரே நாசியிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அதிலும் தலையில் அடிபட்ட பிறகு அப்படி நேர்ந்தால், அது மூளைத் தண்டுவட நீர்க் கசிவாக, அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர் மூக்கு வழியே கசிவதாக இருக்கக்கூடும். உடனே காட்ட வேண்டும். உங்களுக்கு இரு நாசியிலுமா ஒழுகுகிறது?

கேள்வி கேட்டவர்
ஆம், இரண்டிலும்தான். இந்த வாரமே காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்கிறேன். சொட்டு மருந்துக் குப்பியையும் எடுத்துச் செல்கிறேன்.