25 வருடம் கழித்து அப்பாவைச் சந்திக்கப் போகிறேன், எப்படிக் கேட்பது?

கேள்வி:
எனக்கு ஆறு வயதில் வீட்டை விட்டுப் போனவர். இப்போது எனக்கு 31. நம்பர் கிடைத்திருக்கிறது, இருக்கும் வீடும் தெரியும். "ஏன் போனீங்க?" என்று நேரில் கேட்க வேண்டும். திடீரென்று போய் நிற்பதா, சொல்லிவிட்டுப் போவதா? சண்டையாக முடியாமல் கேட்க வழி சொல்லுங்கள்.

தென்றல்:
சொல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களைப் பற்றியே தெரியாத மனைவி, பிள்ளைகள் அங்கே இருக்கலாம். அவர்கள் எதிரில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். உங்கள் கேள்விக்குப் பதில் வராது. முதல் தொடர்பு ஃபோனிலும் வேண்டாம். பதற்றத்தில் கட் பண்ணிவிட்டால் மறுபடி கூப்பிட உங்களுக்கே மனசு வராது.

மெசேஜ் போதும்: "நான் இன்னார். ஒருமுறை நேரில் பார்த்துச் சில விஷயங்கள் கேட்கணும். பணமோ சொத்தோ கேட்டு வரலை. சனி, ஞாயிறு எது வசதி?" குற்றச்சாட்டு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. இருந்தால் அவர் ஜோடித்த கதையோடு வருவார். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, அத்தோடு நிறுத்துங்கள்.

இடம் பொதுவாக, சத்தமில்லாமல் இருக்கட்டும். அவர் வண்டியில் ஏறாதீர்கள். ஒரு மணி நேரம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கார்முகில்:
"ஏன்" என்று ஆரம்பித்தால் "உங்க அம்மாதான் காரணம்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்க. "போறதுன்னு எப்போ முடிவு பண்ணீங்க? அன்னிக்கு ராத்திரி எங்கே தங்கினீங்க? அதுக்கப்புறம் என்னைப் பார்க்க முயற்சி பண்ணீங்களா, யார் மூலமா?" இதுக்கெல்லாம் சொல்லக்கூடிய பதில் இருக்கு. அதைக் கேட்டாலே பாதி "ஏன்" வெளியே வந்துடும். கேட்டதும் வாயை மூடிக்கோங்க. பத்து நொடி மௌனம் தாங்காம நீங்களே பதிலை எடுத்துக் கொடுத்துட்டா, அவர் "ஆமா"ன்னு தப்பிச்சிடுவார்.

மூணு கேள்விக்கு மேல வேண்டாம். அந்த மூணைக் கண்டுபிடிக்க ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற உளவியலாளர் 1980களில் ஆராய்ந்த முறை உதவும்: தினம் 15 முதல் 20 நிமிஷம், மூணு நாலு நாள் தொடர்ந்து, பிழை பார்க்காம மனசுல இருக்கிறதை எழுதணும். யாருக்கும் அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்ப எது வருதோ, அதான் உங்க கேள்வி.

வைகறை:
நடுவில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. செய்த தவறைப் பற்றிக் கேட்டால் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997இல் விவரித்த வரிசை அது: முதலில் மறுப்பு, அடுத்து கேட்டவர் மேல் பாய்ச்சல், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்பது. "நான் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா" என்று வரும்போது வாதாடினால் பேச்சு அவர் கதைக்குப் போய்விடும். "அதையும் கேக்கறேன். இப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க" என்று நிதானமாகத் திருப்புங்கள்.

தம்பதிகளின் சண்டையை ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்வது: இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, தணிய 20 நிமிடமாவது வேண்டும். முகம் சூடாகி, குரல் உயர்ந்தால் "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று எழுந்துவிடுங்கள்.

அழுதாரானால் அழட்டும். "பரவாயில்லப்பா, விடுங்க" என்று வாயில் வந்துவிடும். அதைச் சொன்ன பிறகு மூன்றாவது கேள்வியைக் கேட்கவே முடியாது. மன்னிப்பதா இல்லையா என்று அங்கேயே தீர்ப்பு சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

கேட்டவர்:
நன்றி. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகவா?

தென்றல்:
தேதி முடிவான பிறகு சொல்லுங்கள். அனுமதி கேட்பதாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். அவர் கேட்கச் சொல்லும் கேள்விகளைச் சுமந்துகொண்டு போகாதீர்கள், அவை அவருடையவை.

கார்முகில்:
ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தக் காலத்துல வீட்ல அடி உதை இருந்திருந்தா தனியா போகவே வேண்டாம். கடிதம் போதும், அதுல உங்க முகவரி எழுதாதீங்க.