தள்ளிப்போடுவதற்குக் காரணம் மனநிலையா, தூரத்துக் கெடுவா?

நிலவன்: இதைச் சோம்பல் என்று சொல்வதை முதலில் விடுவோம். சோம்பேறிக்கு வேலையைப் பற்றிய கவலையே இராது. தள்ளிப்போடுகிறவர் அதையே நினைத்துக்கொண்டு அலமாரியை அடுக்குவார். வேலையை நினைத்ததும் பயமோ சலிப்போ எழுகிறது. விலகியதும் சட்டென்று நிம்மதி. அந்த நிம்மதிதான் பழக்கத்துக்குத் தீனி. உளவியலாளர்கள் சிரோயிஸ், பிச்சில் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே.

யாழினி: பாதிதான் ஒப்புக்கொள்வேன். பயம்தான் காரணமென்றால், எல்லாம் கச்சிதமாக வர வேண்டும் என்பவர்கள்தான் அதிகம் தள்ளிப்போட வேண்டும். ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு சொற்பமாகவே இருந்தது. மனம் போன போக்கில் உடனே இறங்கிவிடும் குணத்தோடுதான் வலுவான தொடர்பு. கெடு தள்ளி இருக்கிறது, கைபேசி பக்கத்தில் இருக்கிறது. ஆகவே கெடுவைக் கிட்டே கொண்டுவாருங்கள். ஏரியலி, வெர்டன்பிராக் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் மூன்று கட்டுரைகளைப் பிழைதிருத்தக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்று ஆய்வாளர்களே கெடு விதித்த மாணவர்கள் அதிகப் பிழை கண்டுபிடித்தார்கள். 21 நாள் கழித்து மொத்தமாகத் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கடைசி. தானே கெடு வைத்துக்கொண்டவர்கள் நடுவில். அதனால் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய கெடுவாக வையுங்கள். கைபேசி அடுத்த அறைக்குப் போகட்டும். ஒலியை அணைத்தால் போதாது.

செந்தாழை: கடைசி நேர நெருக்கடியில்தான் சிலருக்கு நல்ல வேலை வரும் இல்லையா?

யாழினி: இல்லை. டைஸ், பாமைஸ்டர் 1997-இல் மாணவர்களிடம் பார்த்தது: தள்ளிப்போட்டவர்களுக்குக் கல்விப் பருவத் தொடக்கத்தில் மன அழுத்தம் குறைவு, முடிவில் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

நிலவன்: அதில் மறுப்பில்லை. ஆனால் கெடு வைத்தும் தொடங்காதவரை என்ன செய்வது? "அறிக்கை எழுது" என்று பட்டியலில் இருந்தால் கை ஓடாது. "முதல் பாதி, இரண்டாம் பாதி" என்று பிரித்தாலும் அதே மூட்டம்தான். முதல் இரண்டு நிமிடம் கை என்ன செய்யும் என்று கண்முன் வரும்வரை உடைக்க வேண்டும்: கோப்பைத் திற, தலைப்பை இடு, முதல் அட்டவணைக்குக் கீழே மூன்று வரி எழுது. அதை ஒரு வேளையோடு கட்டிவிடுங்கள்: "பல் துலக்கியதும் கோப்பைத் திறப்பேன்." உளவியலாளர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை இது.

இன்னொன்று. 2010-இல் வோல், பிச்சில், பென்னெட் ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். கெடு மட்டுமே காரணமென்றால் மன்னிப்பு ஏன் வேலை செய்கிறது?

யாழினி: அந்த அடுத்த தேர்வுக்கும் ஒரு தேதி இருந்ததே.

நிலவன்: முதல் தேர்வுக்கும் இருந்ததே!