சிவப்புப் பதாகை வந்துவிட்டது: பூசை உருளித் தண்ணீரை என்ன செய்வது?

யீஷூன் மீனா:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த மஞ்சள் டெங்கி எச்சரிக்கைப் பதாகையை நேற்று சிவப்பாக மாற்றிவிட்டார்கள். பத்துப் பேருக்காவது வந்திருக்கிறது என்று அர்த்தம். தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், வயது 71. சாமி படத்துக்கு முன்னால் உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது அவர் வழக்கம். தாழ்வாரத்தில் என் கறிவேப்பிலை, துளசித் தொட்டிகள். எதை எடுக்க வேண்டும், எதை விடலாம்? இன்னொன்று, மின்தூக்கியில் பறப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம் விடுகிற, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசு என்கிறார்கள். கொசுவால்தானே நோய், அதை ஏன் விடுகிறார்கள் என்று அத்தை கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெம்பனிஸ் அக்கா:
மீனா, பூவை நிறுத்தச் சொல்லாதே, பெரியவர் மனம் சங்கடப்படும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உருளியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். கொட்டினால் மட்டும் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். நவராத்திரிக் கலசம் அதைவிட அதிக நாள் இருக்குமே, அதனால் நான் தண்ணீருக்குப் பதில் அரிசி நிரப்பிவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடு. மண் இறுகியிருந்தால் கிளறிவிடு, மேலே தண்ணீர் தேங்கும்.

வாரியம் விடுவது ஆண் கொசு. ஆண் கடிக்காது. அதோடு சேரும் இங்குள்ள பெண் ஏடிஸ் இடுகிற முட்டை பொரிக்காது, அதற்குத்தான் விடுகிறார்கள். அத்தை அடித்தாலும் தப்பில்லை. பறக்கிறபோது ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்?

செங்காங் குமார்:
அக்கா கொசுவைச் சொல்லிவிட்டார், நான் காய்ச்சலைச் சொல்கிறேன். எனக்கு 2013-இல் ஒரு முறை வந்தது. 2020-இல், இங்கே 35,000 பேருக்கு மேல் வந்த வருடம், மறுபடி வந்தது. டெங்கிக் கிருமி நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் முன்பைவிடக் கடுமையாகலாம். அது எனக்கு அப்போது தெரியாது. ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பினேன். ரயிலில் வயிறு பிசைந்தது, இரண்டு முறை வாந்தி. பல் ஈறில் ரத்தம் வந்தபோதுதான் பயந்தேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000-க்கு மேல் இருக்க வேண்டியவை, 22,000-க்கு இறங்கியிருந்தன. நான்கு இரவு வார்டில் கிடந்தேன். காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கூடவே இருந்து பார்க்க வேண்டும் மீனா, தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

அத்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். மூட்டுவலிக்கு ஊரிலிருந்து மாத்திரை கொண்டுவந்திருப்பார், அதில் ஐபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். நெஞ்சுக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் உள்ளவருக்கும் கொசு விரட்டி பூச வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

யீஷூன் மீனா:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அத்தை தானே நார் எடுத்து உருளியைத் தேய்த்துவிட்டார். உள்ளே புழு எதுவும் இல்லை. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணிக்கம்பு சொருகும் குழாய்களில் ஒன்றுக்கு மூடி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், மழைத் தண்ணீரில் நெளிகிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வீட்டிலும் இரண்டு குழாய் திறந்தே கிடந்தன, எல்லாவற்றையும் சேர்ந்தே சுத்தம் செய்து மூடினோம். அத்தையின் மாத்திரைப் பையையும் பார்த்தேன் அண்ணா. ஆஸ்பிரின் இருக்கிறது. நாளைக் காலை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போகிறேன்.