ஒன்றரை வயசுப் பொண்ணு, 74 செ.மீ.: புரதப் பவுடர் கொடுக்கலாமா?

நிலாஅம்மா:
பொண்ணுக்கு 18 மாசம். நீளம் 74 செ.மீ., எடை 8.6 கிலோ. வளர்ச்சி அட்டையில எடை கோட்டுக்குள்ள இருக்கு, உயரம் மட்டும் கீழ போயிடுச்சு. ஆள் நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கா. மாமியார் "அது பரம்பரை வாகு"ங்கறாங்க. நாத்தனார் புரதப் பவுடர் டப்பாவே வாங்கிட்டு வந்துட்டாங்க. இப்போதைக்கு தண்ணிக் கஞ்சி, பிஸ்கட், தாய்ப்பால். முட்டை இன்னும் ஆரம்பிக்கல. பவுடரைக் கலந்து கொடுக்கவா?

அளவுப்பலகை:
குழந்தைகளை அளக்கறதுதான் என் வேலைங்க, அதனால முதல்ல அதையே கேக்கறேன். படுக்க வச்சு அளந்தாங்களா, நிக்க வச்சா? ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வச்சுத்தான் அளக்கணும். ஒருத்தர் தலையைப் பலகையோட ஒட்டிப் பிடிக்க, இன்னொருத்தர் முட்டியை லேசா அமுக்கிப் பாதத்தை நேரா வைக்கணும். புள்ள கத்திக் காலை மடக்கிட்டா அந்த அளவைத் தூக்கிப் போட்டுடுங்க.

நிக்க வச்சா சுமார் 0.7 செ.மீ. குறைச்சுக் காட்டும். அதைச் சேத்தாலும் உங்களுக்கு 74.7தான். உலக சுகாதார நிறுவனத்தோட 2006 அட்டவணையில இந்த வயசுப் பெண் குழந்தைக்கு நடு அளவு 80.7, கீழ்க்கோடு 74.9. அந்த அட்டவணையே ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது. நல்ல ஊட்டமும் பராமரிப்பும் கிடைச்ச குழந்தைங்க எந்த நாடா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளந்தாங்க. அதனால வாகுன்னு சொல்லி விட்டுடாதீங்க.

இப்ப பவுடர். 8.6 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குப் புரதம் 10 கிராம் போதும். ஒரு முட்டையில 6, 150 மி.லி. பால்ல 5. கணக்கு அங்கேயே முடிஞ்சுடுது. இதுக்கு எதுக்குங்க டப்பா? புரதம்ங்கறது அமினோ அமிலம்ங்கற சின்னச் சின்னத் துண்டுங்க சேந்தது. தானியப் புரதத்துல அதுல ஒண்ணான லைசின் கம்மி. பருப்புல அது தாராளம், ஆனா மெத்தியோனின்ங்கற இன்னொரு அமினோ அமிலம் கம்மி. ரெண்டையும் சேத்துக் கெட்டியாக் கொடுத்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு அடைக்கும். எண்ணெயோ வெண்ணெயோ ஒரு ஸ்பூன் விடுங்க. சக்தி பத்தலைன்னா உடம்பு புரதத்தையே எரிச்சுடும், எலும்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது. தண்ணிக் கஞ்சி வயித்தை நிரப்பும், அவ்வளவுதான்.

ரெண்டுபுள்ளஅப்பா:
தினம் ஒரு முட்டை போதும் சகோ. ஈக்வடார்ல ஆறு மாசம் கொடுத்துப் பாத்து, வளர்ச்சிக் குறைவு பாதியா குறைஞ்சதுன்னு 2017-ல ஆய்வே வந்திருக்கு.

அளவுப்பலகை:
வந்துச்சு, உண்மைதான். அதே மாதிரி மலாவியில செஞ்சப்ப பெருசா பலன் தெரியல. அங்க குழந்தைங்க ஏற்கெனவே மீன் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. இல்லாத இடத்துலதான் முட்டை வேலை செய்யும்னு நான் எடுத்துக்கறேன். நிலா தட்டுல இப்ப அது இல்லையே, தாராளமா ஆரம்பிங்க, நல்லா வேக வச்சு. பழைய அளவு ஏதாவது இருக்கா?

நிலாஅம்மா:
படுக்க வச்சுத்தான் அளந்தாங்க. 9 மாசத்துல 68.5, 12-ல 71. முதல் பொறந்த நாளுக்கு அப்புறம் அடிக்கடி வயித்துப்போக்கு.

அளவுப்பலகை:
அப்ப விஷயம் சாப்பாட்டோட நிக்கலைங்க. இந்த ஆறு மாசத்துல 3 செ.மீ.தான் வளந்திருக்கா, நடுக்கோடு 6.7 ஏறியிருக்கு. அடிக்கடி பேதியானா குடல் சாப்பிட்டதைச் சரியா உறிஞ்சாது, பசியும் செத்துடும். அட்டையை எடுத்துட்டு இந்த வாரமே குழந்தை டாக்டரைப் பாருங்க. ரத்தசோகை, தைராய்டு, சீலியாக் (கோதுமைப் புரதத்தால குடல் பாதிக்கற நோய்) இதுக்கான சோதனை தேவையான்னு நீங்களே கேளுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.