சிறிய நாய்க்கு நடை பழக்கும்போது கழுத்துப் பட்டையா, ஹார்னஸா?

தாம்பரம்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு மாதம் நிரம்பிய பொமரேனியன் பெண் குட்டி ஒன்று வளர்கிறது. பெயர் பஞ்சு, எடை 3.4 கிலோ. நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருப்பதால் காலையிலும் மாலையிலும் அவளைக் கீழே அழைத்துச் சென்றே ஆக வேண்டும். குட்டியை வாங்கியபோது கடைக்காரர் கொடுத்த கழுத்து பெல்ட்டையும் மெல்லிய இரும்புச் சங்கிலியையுமே இதுவரை பயன்படுத்திவருகிறோம்.

லிஃப்ட் கதவு திறந்த நொடியிலிருந்து, முன்னங்கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பும் அளவுக்குப் பஞ்சு இழுக்கிறாள். வாசல் கேட்டை அடைவதற்குள் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதைப் போல நான்கைந்து முறை இருமுகிறாள். சங்கிலியைத் தளர்த்தியதும் இருமல் நின்றுவிடுகிறது. கீழ்வீட்டு அக்கா தம்முடைய பக் நாய்க்கு மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸைத்தான் பயன்படுத்துகிறார்; என்னையும் அதையே வாங்கச் சொல்கிறார். என் கொழுந்தனாரோ, ஹார்னஸை மாட்டினால் நாய் வண்டி மாட்டைப் போல இழுக்கத்தான் பழகும் என்றும், கழுத்துப் பட்டையில் இரண்டு முறை சுண்டி இழுத்தால் தானாக அடங்கிவிடும் என்றும் சொல்கிறார். இருவரும் நாய் வளர்த்து அனுபவப்பட்டவர்கள் என்பதால் யார் சொல்வதைக் கேட்பது என்று புரியவில்லை. நடை பழக்கும் காலத்தில் இவ்வளவு சிறிய நாய்க்கு எது பொருத்தம்? அந்த இருமலுக்கும் பட்டைக்கும் தொடர்பு உண்டா?

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் கொழுந்தனாரின் கருத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களுக்கு ஹார்னஸைத்தான் மாட்டுகிறார்கள். இழுவையின் பாரம் மார்பெலும்பிலும் விலாவிலும் பரவிவிடுவதால், இழுப்பது நாய்க்கு வலிக்காது. வலிக்காத காரியத்தை அது விடாமல் செய்யும். ஆனால் இதிலிருந்து, வலிக்கும்படி இழுத்தால் நாய் கற்றுக்கொள்ளும் என்ற முடிவுக்குப் போவதுதான் தவறு. பஞ்சுவுக்கு ஏற்கெனவே தொண்டை அடைத்து இருமல் வருகிறது, ஆனாலும் அவள் இழுப்பதை நிறுத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழுத்துப் பட்டை பாடம் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இதற்குள் அவள் தேறியிருக்க வேண்டுமல்லவா?

இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதை அவள் ஒவ்வொரு நாளும் லிஃப்டுக்கும் கேட்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்கை மாற்றுவதுதான் பயிற்சி. கயிறு விறைத்தவுடன் நீங்கள் நின்றுவிட வேண்டும். சுண்டவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். அவள் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தொய்ந்த அந்தக் கணமே நடையைத் தொடர வேண்டும். உங்கள் காலோடு ஒட்டி நடக்கும்போதெல்லாம், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழிக்கறியில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு கொடுங்கள். கொடுக்கும் கை உங்கள் முழங்காலுக்குக் கீழே, அவளுடைய மூக்கின் உயரத்தில் இருக்கட்டும்; மேலே வைத்துக்கொண்டு கொடுத்தால் சிறிய நாய்கள் எம்பிக் குதிக்கப் பழகிவிடும். முதல் வாரம் வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் ஐந்தைந்து நிமிடம் மட்டும் பழக்குங்கள். தெருவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கற்றல் ஒரே நாளில் முடியாது. அது முடியும்வரை அவள் நூறு முறையாவது இழுக்கத்தான் போகிறாள். அந்த நூறு இழுப்பும் கழுத்தில் விழ வேண்டுமா, மார்பில் விழ வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். நான் மார்பில்தான் விழ வேண்டும் என்பேன்.

ஹார்னஸிலும் வகை உண்டு. முதுகில் மட்டும் வளையம் உள்ளது, மார்பின் முன்புறமும் வளையம் உள்ளது என்று இரண்டு விதம் கிடைக்கும். முன்வளையத்தில் கயிற்றை மாட்டினால், இழுக்கும் நாயின் உடல் பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பிவிடுவதால் இழுப்பதில் பயனில்லாமல் போய்விடுகிறது. பெரிய நாய்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் மூன்று கிலோ நாய்க்கு அந்தக் கொக்கி முன்னங்கால்களுக்கிடையில் ஊசலாடி இடறிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பஞ்சுவுக்கு முதுகு வளையமே போதும். இரும்புச் சங்கிலியை மட்டும் தயவுசெய்து இன்றே கழற்றி வைத்துவிடுங்கள். உங்களுக்கு மெல்லியதாகத் தெரிகிற அதன் கனம் அவளுக்குப் பெரும் சுமை. அது எப்போதும் கழுத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பதால், கயிறு தொய்வதும் விறைப்பதும் அவளுக்கு வேறுபாடாகவே தெரியாது. அரை அங்குல அகலமுள்ள நைலான் கயிறு ஐந்து அல்லது ஆறு அடி நீளத்தில் சிறிய கொக்கியோடு கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறுகளையும் இப்போதைக்குத் தவிருங்கள். இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் அவை கற்றுக்கொடுக்கின்றன.

நெல்லை கால்நடை மருத்துவர் எழுதியது:

இருமலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாயின் மூச்சுக்குழாய், ஒரு பக்கம் உடைந்த வளையல்களை வரிசையாக அடுக்கியதைப் போன்ற குருத்தெலும்பு வளையங்களால் ஆனது; உடைந்த பக்கத்தை, அதாவது முதுகுப்புறத்தை, ஒரு மெல்லிய சவ்வும் தசையும் மூடியிருக்கின்றன. பொமரேனியன், யார்க்ஷையர் டெரியர், சிவாவா, டாய் பூடில் போன்ற சிறிய இனங்களில் இந்த வளையங்கள் விறைப்பை இழந்து, குழாய் தட்டையாக ஒடுங்கும் நோய் மற்ற இனங்களைவிட அதிகம். பெரும்பாலும் நடுவயதில்தான் வெளிப்படும் என்றாலும் இளம் நாய்களிலும் உண்டு. அந்த இருமலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பெருவாத்து கத்துவதைப் போல வறண்டு, உரத்து ஒலிக்கும். கழுத்துப் பட்டைதான் இந்த நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. பிறவிப் பலவீனமே அடிப்படை. ஆனால் பலவீனம் உள்ள குழாயைப் பட்டை வெளியிலிருந்து அழுத்தும்போது இருமல் தூண்டப்படுகிறது. உடல் பருமன், வெயில், புகை, மிகையான பரபரப்பு ஆகியவையும் அதைத் தூண்டும். இந்த நோய் உறுதிப்பட்ட நாய்க்குக் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டவே கூடாது என்பதில் எங்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 26 நாய்களின் கண்ணழுத்தத்தை அளந்தார்கள். கழுத்துப் பட்டையில் இழுவை விழுந்தபோது அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. ஹார்னஸில் அவ்வாறு கூடவில்லை. கண்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பக், ஷிட்சு போன்ற நாய்களை வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. உங்கள் கீழ்வீட்டு அம்மையார் செய்வது சரியே. அகலமான பட்டை, பஞ்சு வைத்துத் தைத்த பட்டை என்று வாங்கினால் போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து ஒன்றின் மீது பல வகைப் பட்டைகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இழுக்கும் நாய்க்குக் காயமாகும் வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அழுத்தம் குறைந்த பட்டை எதையும் அவர்கள் காணவில்லை.

ஹார்னஸுக்கு மாறிய பிறகும் இருமல் தொடர்ந்தால், அல்லது ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் இருமினால், காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்று இருமலும் இளம் நாய்களில் இதேபோலத் தொடங்கக்கூடும். முடிந்தால் இருமும்போது கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு செல்லுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் எந்த நாயும் இருமுவதில்லை.

கொங்குநாட்டான் எழுதியது:

மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஹார்னஸை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகாதீர்கள். எங்கள் லாசா அப்ஸோவுக்கு "ஸ்மால்" என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பி ஒன்றை வாங்கினோம். ஐப்பசி மழையில் அது நனைந்து நனைந்து காய, பத்தே நாளில் இரண்டு அக்குளிலும் முடி சடைபிடித்து, அதன் அடியில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. முடி அடர்ந்த நாய் என்பதால், அவன் நொண்டத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பொமரேனியனுக்கும் அடியில் பஞ்சு போன்ற இரண்டாம் அடுக்கு முடி உண்டு. எனவே வீட்டுக்குள் வந்தவுடன் ஹார்னஸைக் கழற்றிவிடுங்கள். அக்குளை நாள்தோறும் விரலால் தடவிப் பாருங்கள். உடம்பையே மூடும் சட்டை போன்ற தடித்த வகை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

அளவெடுக்கும்போது நாடாவை முடியின் மேல் வைக்காமல் முடிக்குள் செலுத்தித் தோலோடு ஒட்டி, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவைப் பாருங்கள். முன்பட்டை தொண்டையில் ஏறாமல் மார்பெலும்பின் மேல் படிய வேண்டும். தொண்டையில் ஏறினால் அதுவும் இன்னொரு கழுத்துப் பட்டைதான். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய நாய்க்கு இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பார்கள். இந்த அளவு நாய்க்கு ஒரு விரல் நுழைந்தால் போதும். குட்டி இன்னும் வளரக்கூடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

இன்னொன்று, அவள் கழன்று ஓடிவிடும் ஆபத்து. நாய் தலையைத் தாழ்த்திப் பின்னோக்கி நகர்ந்தால், தளர்வான ஹார்னஸ் சட்டையைப் போலத் தலைவழியே உருவிக்கொண்டு வந்துவிடும். வெளியே போகுமுன் வீட்டுக்குள்ளேயே அவளுக்கு எதிரில் நின்று கயிற்றை மெதுவாக இழுத்து, உருவுகிறதா என்று சோதித்துவிடுங்கள். தீபாவளி நாட்களில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு இப்படித்தான் பல நாய்கள் காணாமல் போகின்றன. அதனால்தான் கழுத்துப் பட்டையை அடியோடு கைவிட வேண்டாம் என்கிறேன். உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையோடு இலேசான பட்டை ஒன்று கழுத்தில் எப்போதும் இருக்கட்டும், கயிறு மட்டும் ஹார்னஸுக்குப் போகட்டும். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் பட்டையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். மார்புக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். முதுகில் கைப்பிடி வைத்துத் தைத்த ஹார்னஸ் இருந்தால் அந்த அவசரத்தில் பிடிமானத்துக்கு உதவும்.

தாம்பரம்வாசி மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதியது:

மூவருக்கும் நன்றி. முடிக்குள் நாடாவைச் செலுத்தி அளந்தபோது, பார்வைக்குக் குண்டாகத் தெரிந்த பஞ்சுவின் மார்புச் சுற்றளவு 34 சென்டிமீட்டர்தான் என்று தெரிந்தது. நான் முதலில் வாங்க நினைத்த அளவு அவளுக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும். வலைத்துணியில் தைத்த இலேசான ஹார்னஸும் ஐந்தடி நைலான் கயிறும் வாங்கினோம். முதல் நாள் மாட்டியவுடன் ஒரு காலைத் தூக்கியபடியே சிலையாக நின்றுவிட்டாள். பத்து நிமிடம் அசையவே இல்லை. பிறகு ஹார்னஸின் கழுத்து வளையத்துக்குள் கையை விட்டு அந்தப் பக்கம் கோழித் துண்டை நீட்ட, அவளாகவே தலையை நுழைத்து எடுத்துக்கொள்ளும்படி மூன்று நாள் பழக்கினேன். நான்காம் நாளிலிருந்து தொந்தரவு இல்லை.

லிஃப்ட் வாசலிலிருந்து கேட்டுக்குப் போக முன்பு ஒரு நிமிடம்கூட ஆகாது. நின்று நின்று நடந்ததில் முதல் வாரம் கால் மணி நேரம் ஆனது. காவலாளி அண்ணன் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இப்போது மூன்று நான்கு இடங்களில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பூனை தென்பட்டால் பழைய கதைதான். இழுக்கும்போதுகூட இருமல் வருவதில்லை. மருத்துவரிடமும் காட்டினோம், தொண்டையை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எக்ஸ்ரே தேவையில்லை, எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு சந்தேகம்: நன்றாகப் பழகிய பிறகு கயிற்றைக் கழுத்துப் பட்டைக்கே மாற்றிவிடலாமா? கொழுந்தனார் இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மலைக்கோட்டை எழுதியது:

கயிறு தொய்வாகவே இருக்கும் நாய்க்கு எதில் மாட்டினாலும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் பூனையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களே! பூனைகள் இருக்கும் தெருவில் மூன்றரைக் கிலோ பொமரேனியனின் கழுத்தில் நான் கயிற்றை மாட்ட மாட்டேன். வீட்டுக்குள் பழக்கும்போது சில நிமிடம் பட்டையில் மாட்டிப் பாருங்கள்; யாராவது பட்டையைப் பிடித்தால் மிரளாமல் இருக்க அது உதவும். கொழுந்தனாரிடம் ஒருநாள் மாலை கயிற்றைக் கொடுத்து, வாசல் கேட் வரைக்கும் பஞ்சுவை அவரையே அழைத்துப் போகச் சொல்லுங்கள்.